படிப்புக்கு நடுவில் ஓராண்டு வேலை: பிரிட்டனின் 'சாண்ட்விச்' சுற்றுச்சூழல் பட்டப்படிப்பில் சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளஸ் 2 முடித்துவிட்டு பிரிட்டனில் படிக்க நினைக்கும் மாணவர்களிடம் இப்போது அதிகம் பேசப்படும் படிப்புகளில் ஒன்று 'சுற்றுச்சூழல் மற்றும் நிலைத்தன்மை'. இதில் 'வேலைப் பயிற்சி ஆண்டுடன்' என்று ஒரு வகை இருக்கிறது. 4 ஆண்டுப் படிப்பில் ஓர் ஆண்டு முழுக்க ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலையை யார் தேடித் தருவார்கள்? சம்பளம் உண்டா? வேலை கிடைக்கலைன்னா என்ன ஆகும்? கல்விக் கடன் வாங்கும் குடும்பங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'சாண்ட்விச்' படிப்புன்னா என்ன?

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காய்கறி வைப்பதுபோல, இரு பக்கமும் வகுப்பு, நடுவில் வேலை. அதனால்தான் இந்தப் பெயர்.

இங்கிலாந்தில் இளநிலைப் பட்டப்படிப்பு பொதுவாக 3 ஆண்டுகள். சாண்ட்விச் முறையில் அது 4 ஆண்டுகள் ஆகும். முதல் 2 ஆண்டுகள் வகுப்பு, 3-ம் ஆண்டு வேலை, 4-ம் ஆண்டு மீண்டும் பல்கலைக்கழகம். வேலைக் காலம் பெரும்பாலும் 9 முதல் 12 மாதங்கள்.

இது புது யோசனை அல்ல. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டனின் பொறியியல் கல்வியில் இந்த முறை வந்துவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரிகளாக இருந்து 1966-ல் பல்கலைக்கழகங்களாக உயர்ந்த பாத், சர்ரே, லஃப்பரோ, ஆஸ்டன் போன்றவை இன்றும் இதற்குப் பெயர் பெற்றவை.

தமிழ்நாட்டுக்கும் இந்தச் சொல் பழக்கமானதுதான். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. 'சாண்ட்விச்' படிப்பு பல ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே பொறியியல் படிப்போடு ஆலைப் பயிற்சி சேர்ந்து 5 ஆண்டுகள். பிரிட்டனில் இதே முறை சுற்றுச்சூழல், வணிகம், உளவியல் என்று பல துறைகளுக்கும் விரிந்திருக்கிறது.

இந்தப் படிப்பில் என்ன படிப்பார்கள்?

மரம் நடுவதும் பிளாஸ்டிக் ஒழிப்பும் மட்டும்தான் என்று நினைத்தால் அது தவறு. அறிவியல், சட்டம், பொருளாதாரம் மூன்றும் கலந்த படிப்பு இது. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடங்கள் மாறும். பொதுவாக இருப்பவை:

- சூழலியல், மண், நீர், காலநிலை அறிவியல்
- புள்ளியியல், ஜி.ஐ.எஸ். எனப்படும் கணினி வரைபடத் தொழில்நுட்பம்
- சுற்றுச்சூழல் சட்டம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு
- கார்பன் கணக்கிடுதல், கழிவு மேலாண்மை, எரிசக்தி

கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் பள்ளி 1967-ல் தொடங்கப்பட்டது. காலநிலை ஆய்வுக்கு உலக அளவில் பெயர் பெற்ற ஆய்வு மையம் ஒன்று 1972 முதல் அங்கே இயங்குகிறது.

கீல் பல்கலைக்கழகம் தன் வளாகத்தையே பரிசோதனைக் கூடமாக மாற்றியது. சமையலுக்கும் வீட்டைச் சூடாக்கவும் பயன்படும் இயற்கை எரிவாயுவில் 20 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்து, வளாகத்தின் 100 வீடுகளுக்கும் 30 கட்டடங்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் தொடங்கி 2021-ல் முடிந்த சோதனை அது.

படிப்பின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். ஓரிடத்தில் ஆய்வகமும் களப்பணியும் அதிகம், இன்னோரிடத்தில் கொள்கையும் மேலாண்மையும் அதிகம். பி.எஸ்சி.யா, பி.ஏ.வா என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். மீதிக்குப் பாடப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

வேலைப் பயிற்சியில் என்ன வேலை செய்வார்கள்?

பிரிட்டனில் சுற்றுச்சூழல் வேலைகள் பெரும்பாலும் சட்டங்களிலிருந்து பிறக்கின்றன. எந்தச் சட்டம் எந்த வேலையை உருவாக்குகிறது என்று தெரிந்தால் பயிற்சி இடம் தேடுவதும் எளிதாகும்.

முதல் உதாரணம், கட்டுமானம். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கும், அதே ஆண்டு ஏப்ரல் 2 முதல் சிறிய திட்டங்களுக்கும் ஒரு விதி அமலில் இருக்கிறது. சில விலக்குகள் தவிர, கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் இருந்த பல்லுயிர் மதிப்பைவிட, கட்டிய பின் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். அதை 30 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். 2021 சுற்றுச்சூழல் சட்டத்திலிருந்து வந்த விதி இது.

அப்படியென்றால் ஒவ்வொரு நிலத்திலும் என்ன புல், என்ன புதர், என்ன குளம் இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்து அளக்க வேண்டும். சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் செய்யும் இந்த வேலையில், மூத்த நிபுணரோடு களத்துக்குப் போய்க் கற்றுக்கொள்வது பயிற்சி மாணவர்களின் பணியாக இருக்கும்.

இரண்டாவது உதாரணம், கார்பன் கணக்கு. 2050-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்ற இலக்கை பிரிட்டன் 2019-ல் சட்டமாக்கியது. பெரிய நிறுவனங்கள் தங்கள் எரிசக்திப் பயன்பாட்டையும் கார்பன் உமிழ்வையும் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது.

இந்தக் கணக்கை மூன்றாகப் பிரிப்பார்கள். நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள் முதல் வகை. வாங்கும் மின்சாரம் இரண்டாவது வகை. பொருள் உருவாகும் இடம் முதல் அது குப்பைக்குப் போகும் வரை, நிறுவனத்துக்கு வெளியே நடக்கும் உமிழ்வு மூன்றாவது வகை.

திருப்பூரில் தைத்த ஒரு டி-ஷர்ட் லண்டன் கடையில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்பாலையின் மின்சாரம், சாயப்பட்டறையின் கொதிகலன், கப்பல் போக்குவரத்து எல்லாமே அந்த லண்டன் நிறுவனத்தின் மூன்றாவது வகைக் கணக்கில் வரும். தகவலைச் சேகரிக்க மெயில் அனுப்புவது, வந்த எண்களைச் சரிபார்ப்பது, எக்செல்லில் கணக்குப் போடுவது ஆகியவை பயிற்சி மாணவர்கள் கைக்கு வரும் வேலைகள்.

இவை தவிர ஆற்று நீர் மாதிரி எடுப்பது, காற்றின் தரம், சத்தம் ஆகியவற்றை அளப்பது, பழைய தொழிற்சாலை நிலத்தின் மண்ணைச் சோதிப்பது, ஒரு பல்பொருள் அங்காடியின் கழிவைத் தணிக்கை செய்வது என்று வேலைகள் பலவகை.

2 மாத இன்டர்ன்ஷிப் போதாதா?

இந்தத் துறைக்குப் போதாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இயற்கைக்கு ஒரு காலண்டர் உண்டு.

'கிரேட் கிரெஸ்டட் நியூட்' என்பது பல்லி போலத் தோன்றும் ஒரு நீர்நில உயிரினம். பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அது குளத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கெடுப்பு மார்ச் நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரைதான். குளத்து நீரில் அதன் டிஎன்ஏ தடயத்தைத் தேட மாதிரி எடுப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை. வௌவால்கள் வெளியே பறப்பதை எண்ணும் கணக்கெடுப்பு பொதுவாக மே முதல் செப்டம்பர் வரை. குளிர்காலம் முழுக்க அலுவலகத்தில் அறிக்கை எழுதும் நேரம்.

கார்பன் கணக்கும் அப்படித்தான். நிதியாண்டு முடிந்ததும் தகவல் கேட்டு, சரிபார்த்து, தணிக்கைக்குக் கொடுத்து, அறிக்கை வெளியிட மாதக்கணக்கில் ஆகும். கோடை விடுமுறையில் 8 வாரம் போகிறவர் இதில் ஒரு துண்டைத்தான் பார்ப்பார். ஓராண்டு இருப்பவர் ஒரு முழுச் சுற்றைப் பார்த்துவிடுவார். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் கேட்பதும் அந்த அனுபவத்தைத்தான்.

வேலையை யார் தேடித் தருவார்கள்?

மாணவர்தான் தேட வேண்டும். பலர் ஏமாறும் இடம் இதுதான்.

'வேலைப் பயிற்சி ஆண்டுடன்' என்று படிப்பின் பெயரில் இருந்தால், பல்கலைக்கழகம் வேலை வாங்கித் தரும் என்று அர்த்தமல்ல. வேலை கிடைத்தால் அந்த ஆண்டைப் படிப்பின் பகுதியாக ஏற்றுக்கொள்வோம் என்பதுதான் அர்த்தம். சி.வி. எழுத உதவுவார்கள், நேர்காணலுக்குத் தயார் செய்வார்கள், தெரிந்த நிறுவனங்களின் பட்டியல் தருவார்கள். விண்ணப்பம் போடுவதும் தேர்வில் ஜெயிப்பதும் மாணவர் பொறுப்பு.

தேடல் 2-ம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். பெரிய நிறுவனங்கள் செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம் வாங்கத் தொடங்குகின்றன. ஆன்லைன் தேர்வு, வீடியோ நேர்காணல், குழுப் பயிற்சி என்று பல கட்டங்கள் இருக்கும். சிறிய ஆலோசனை நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் ஜனவரிக்குப் பிறகு விளம்பரம் செய்வதுண்டு.

வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூடுதலாக மூன்று தடைகள்:

- விசா பயம்: 'ஸ்பான்சர் செய்ய வேண்டுமோ' என்று சில நிறுவனங்கள் தயங்கும். படிப்பின் பகுதியான பயிற்சிக்கு நிறுவனம் ஸ்பான்சர் செய்யத் தேவையில்லை, மாணவர் விசாவே போதும். இதை விளக்கும் கடிதத்தைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.
- டிரைவிங் லைசென்ஸ்: களப்பணி நடக்கும் இடங்களுக்குப் பேருந்து போகாது. அதனால் பல விளம்பரங்களில் லைசென்ஸ் கேட்பார்கள். இந்திய லைசென்ஸ் பிரிட்டனில் 12 மாதங்களுக்குத்தான் செல்லும். 3-ம் ஆண்டில் வேலைக்குப் போகும்போது அது காலாவதியாகியிருக்கும். அதற்குள் பிரிட்டன் லைசென்ஸ் எடுக்க வேண்டும்.
- பாதுகாப்புச் சோதனை: அணுமின் நிலையம் உள்ளிட்ட சில இடங்களில் வேலை பார்க்க, பிரிட்டனில் சில ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்.

சம்பளம் உண்டா?

உண்டு, ஆனால் கட்டாயமில்லை. பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. உயர்கல்விப் படிப்பின் பகுதியாக, ஓராண்டுக்கு மிகாமல் பயிற்சிக்கு வரும் மாணவருக்கு அந்தக் கூலியைத் தர வேண்டும் என்று நிறுவனத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தாது.

நடைமுறையில் பெரிய தனியார் நிறுவனங்கள் சம்பளம் தருகின்றன. சிறிய தொண்டு அமைப்புகள், இயற்கைப் பாதுகாப்புக் குழுக்கள் போன்றவை போக்குவரத்துச் செலவு மட்டும் தருவதும் உண்டு. சுற்றுச்சூழல் துறையில் இப்படிப்பட்ட அமைப்புகள் நிறைய என்பதைக் கவனிக்க வேண்டும். மனதுக்குப் பிடித்த வேலையாக இருக்கும், ஆனால் வாடகை யார் கட்டுவது?

சம்பளம் வந்தால் வரியும் வரும். ஆண்டுக்கு 12,570 பவுண்ட் வரை வருமான வரி இல்லை. அதற்கு மேல் வரும் தொகைக்கு வரியும் தேசியக் காப்பீட்டுப் பிடித்தமும் உண்டு.

அந்த ஆண்டுக்குக் கல்விக் கட்டணம் எவ்வளவு?

வகுப்புக்குப் போகாத ஆண்டுக்கும் கட்டணம் உண்டு, குறைவாக. உள்நாட்டு மாணவர்களுக்கு அதில் உச்சவரம்பு இருக்கிறது. இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டில் முழு ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண்ட். பயிற்சி ஆண்டுக்கு அதில் சுமார் 20 சதவீதம், அதாவது 1,905 பவுண்ட்தான் வாங்கலாம்.

இந்திய மாணவர்களுக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது. எவ்வளவு என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்யும். சேரும் முன் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்க வேண்டிய எண் இது.

இதோடு, மாணவர் விசாவுக்கான சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்ட். படிப்பு ஓராண்டு நீண்டால் அதுவும் கூடும். கல்விக் கடனின் வட்டி இன்னோர் ஆண்டு ஓடும். சம்பளம் இல்லாத பயிற்சி என்றால், ஓராண்டு வாழ்க்கைச் செலவு முழுக்கக் கையிலிருந்து போகும்.

விசா விதிகள் என்ன சொல்கின்றன?

மாணவர் விசாவில் இருப்பவர் பட்டப்படிப்பின் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். படிப்பின் பகுதியாக மதிப்பிடப்படும் பயிற்சி என்றால் முழு நேரம் பார்க்கலாம். உரிய அங்கீகாரம் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் பட்டப்படிப்பு படிப்பவர்களுக்கு, பயிற்சிக் காலம் மொத்தப் படிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது. 4 ஆண்டில் ஓர் ஆண்டு என்பது இந்த வரம்புக்குள் வசதியாக அடங்கும்.

பயிற்சியில் இருக்கும்போதும் மாணவருக்குப் பொறுப்பு பல்கலைக்கழகம்தான். வேலை பார்க்கும் இடம் மாறினாலோ, பாதியில் நின்றாலோ உடனே சொல்ல வேண்டும். இந்த விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை.

3 ஆண்டுப் படிப்பில் சேர்ந்துவிட்டு, பின்னர் பயிற்சி ஆண்டைச் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. அதற்கு பிரிட்டனுக்குள் இருந்தபடியே விசாவை நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டும். கட்டணங்களை மறுபடி செலுத்த வேண்டும்.

வேலை கிடைக்கலைன்னா?

படிப்பு வீணாகாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மாணவரை 3 ஆண்டுப் படிப்புக்கு மாற்றிவிடும். அவர் நேராக இறுதி ஆண்டுக்குப் போவார். பட்டத்தின் பெயரில் பயிற்சி ஆண்டு இருக்காது.

ஆனால் விசாவில் விளைவு உண்டு. 4 ஆண்டுக்கு விசா வாங்கியவரின் படிப்பு 3 ஆண்டாகக் குறைந்தால், பல்கலைக்கழகம் அதை உள்துறை அமைச்சகத்திடம் தெரிவிக்கும். விசா காலமும் அதற்கேற்பக் குறையும். 'எப்படியும் 4 ஆண்டு இருக்கலாம்' என்று கணக்குப் போட முடியாது.

படித்து முடித்த பிறகு?

கிராஜுவேட் விசா 2021 ஜூலையில் தொடங்கியது. பட்டம் முடித்தவர் 2 ஆண்டுகள் பிரிட்டனில் வேலை தேடலாம், வேலை பார்க்கலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலை பட்டதாரிகளுக்கு இது 18 மாதங்களாகக் குறைகிறது. இனிமேல் சேரும் மாணவர்கள் 18 மாதம் என்றே கணக்கிட வேண்டும்.

அதன் பிறகும் தங்க வேண்டுமானால் திறன்மிகு பணியாளர் விசா தேவை. அதற்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. மாணவர் விசாவிலிருந்து மாறும் புதியவர்களுக்கு 33,400 பவுண்ட். வேலையைப் பொறுத்து இது இன்னும் கூடும்.

பயிற்சி ஆண்டின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். கையில் 18 மாதம்தான் இருக்கும்போது, ஓராண்டு அனுபவமும், தெரிந்த நிறுவனமும், பரிந்துரைக் கடிதமும் உள்ளவர் ஒரு படி முன்னால் நிற்பார். பயிற்சி முடித்தவரையே மீண்டும் வேலைக்கு அழைக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஊருக்குத் திரும்பினால் வேலை இருக்கிறதா?

இந்தியாவிலும் இந்த வேலைக்கு ஒரு சட்டத் தேவை உருவாகியிருக்கிறது. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. ஏற்றுமதி நிறுவனங்களிடம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கார்பன் விவரம் கேட்பதால், அதைத் தயாரிக்க ஆள் தேவைப்படுகிறது.

பட்டங்களைப் பரஸ்பரம் அங்கீகரிக்க இந்தியாவும் பிரிட்டனும் 2022 ஜூலையில் உடன்பாடு செய்துகொண்டன. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் படிப்புகள் அதில் சேராது. ஆக, 'சுற்றுச்சூழல் பொறியாளர்' என்ற வேலைக்குக் குறிவைப்பவர்களுக்கு பி.எஸ்சி. நிலைத்தன்மைப் பட்டம் பொருந்தாமல் போகலாம். இதை முன்பே யோசிக்க வேண்டும்.

முதுநிலைப் படிப்பிலும் இது உண்டா?

உண்டு. ஓராண்டு எம்.எஸ்சி.யுடன் பயிற்சிக் காலத்தைச் சேர்த்து 2 ஆண்டு வரை நீட்டித்த படிப்புகளை இந்திய மாணவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் நேரம் ரொம்பக் குறைவு. செப்டம்பரில் ஊர் மாறி, புது வகுப்பில் உட்கார்ந்த சில வாரங்களிலேயே வேலை தேட ஆரம்பிக்க வேண்டும். நிறுவனத்தில் இடம் கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு ஆய்வுத் திட்டத்தைக் கொடுப்பதும் உண்டு. அது தவறில்லை. ஆனால் அதை வேலை அனுபவம் என்று நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

ஏஜென்ட்டிடம் கேட்பதைவிட, பல்கலைக்கழகத்துக்கே மெயில் அனுப்பிக் கேட்பது நல்லது. பதில் எழுத்தில் இருக்கும்.

1. சென்ற ஆண்டு இந்தப் படிப்பில் எத்தனை பேர் பயிற்சிக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது?
2. அவர்களில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர்?
3. எந்தெந்த நிறுவனங்களுக்குப் போனார்கள்? எத்தனை இடங்களில் சம்பளம் இருந்தது?
4. வெளிநாட்டு மாணவருக்குப் பயிற்சி ஆண்டின் கட்டணம் எவ்வளவு?
5. பயிற்சிக்குப் போக 2-ம் ஆண்டில் எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?
6. இந்தியாவில் உள்ள நிறுவனத்தில் பயிற்சி செய்யலாமா?
7. வேலை கிடைக்காவிட்டால் என்ன ஏற்பாடு?

முதல் இரண்டு கேள்விகளுக்கு எண்ணிக்கையில் பதில் வராமல், 'எங்களுக்கு நிறைய நிறுவனங்களோடு தொடர்பு இருக்கிறது' என்று மட்டும் பதில் வந்தால் உஷாராக இருக்க வேண்டும்.

6-வது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டில் பயிற்சி செய்ய அனுமதிக்கின்றன. சென்னையிலோ கோவையிலோ வீட்டிலிருந்து போய்வந்து ஓராண்டு அனுபவம் பெற முடிந்தால் செலவு பாதியாகும். அந்தக் காலத்தில் விசா என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே கேட்டுவிட வேண்டும்.

யாருக்கு இது பொருந்தும்?

களத்தில் மழையிலும் குளிரிலும் நிற்கத் தயாராக இருப்பவர்கள், எண்களோடு வேலை பார்க்கப் பிடித்தவர்கள், 2-ம் ஆண்டிலேயே முப்பது நாற்பது விண்ணப்பம் போட்டு, நிராகரிப்பு வந்தாலும் அடுத்ததை அனுப்பும் பொறுமை உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஓராண்டு நல்ல முதலீடு. பயிற்சிச் சம்பளத்தை வைத்துத்தான் கடனை அடைக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் குடும்பங்கள், அந்தச் சம்பளம் வராது என்று வைத்து ஒருமுறை பட்ஜெட் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கிலும் சமாளிக்க முடியும் என்றால் தைரியமாக விண்ணப்பிக்கலாம்.